ஷவர்மாவைத் தடை செஞ்சா கிருமி ஓடிடுமா?



2023 செப்டம்பர், நாமக்கல். ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனார். பலர் மருத்துவமனையில். உடனே கடைக்கு சீல், மாவட்டம் முழுக்க ஷவர்மாவுக்குத் தற்காலிகத் தடை.

அந்தக் கடைக்கு சீல் வெச்சது சரி. மத்த கடைக்காரங்க என்ன தப்பு செஞ்சாங்க? கிருமி வந்தது கறியிலா, மயோனைஸிலா, தண்ணியிலா? அதே சரக்கு வேற எங்கெல்லாம் போச்சு? தடை உத்தரவு இதைச் சொல்லாது. கிருமியோட மரபணு சொல்லும்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்க. 2017-18ல லிஸ்டீரியா பரவி 1,060 பேருக்கு நோய் உறுதியானது. 216 உயிர்கள் போச்சு. பாதிக்கப்பட்டதில் பத்துக்கு நாலு, பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பச்சைக் குழந்தைங்க. இந்தக் கிருமி உடம்புக்குள்ள போய் 70 நாள் கழிச்சுகூட வேலையைக் காட்டும். ரெண்டு மாசம் முன்னாடி என்ன சாப்பிட்டீங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?

அதனால நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணுவை, சுமார் 30 லட்சம் எழுத்துகளை, முழுசா படிச்சாங்க. பத்தில் ஒன்பது ஒரே ரகம். 2018 ஜனவரியில் சோவெட்டோ காப்பகக் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமப் போக, அங்கிருந்த 'பொலோனி' இறைச்சியைச் சோதிச்சாங்க. அதே ரகம். தடம் போலக்வானே ஊரில் இருந்த பெரிய இறைச்சி ஆலைக்குப் போச்சு. அங்கேயும் அதே ரகம்! மார்ச் 4-ல் அமைச்சரே ஆலை பெயரைச் சொல்லி அறிவிச்சார். சரக்கு திரும்பப் பெறப்பட்டது, நோய் மளமளன்னு குறைஞ்சது.

அங்க மாட்டினது தெருவோரக் கடை இல்ல, நாடறிஞ்ச கம்பெனி. ஆதாரம் கையில் இருந்தா பெரிய முதலாளியும் தப்ப முடியாது. ஆதாரம் இல்லன்னா அடி விழறது எப்பவும் சின்னக் கடைக்காரன் தலையில்தான்.

"அதுக்கெல்லாம் காசு ஏது?"ன்னு கேப்பாங்க. கொரோனா உருமாற்றத்தைக் கண்டுபிடிக்க, 2021லேயே சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் நம்ம மாநில அரசே மரபணு ஆய்வகம் திறந்தாச்சு. மக்கள் வரிப்பணத்தில் வாங்கின மெஷின் அது.

நம்ம கோரிக்கை மூணு:

1. உணவு நச்சு நோயாளிகளின் மாதிரியும் உணவு மாதிரியும் ஒரே ஆய்வகத்தில் ஒப்பிடப்படணும்.
2. சாம்பிளில் வளர்ந்த கிருமியைத் தூக்கிப் போடாம சேமிச்சு வைக்கணும்.
3. முடிவை மக்களுக்கு வெளியிடணும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தா "எந்தக் கடை?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "மரபணு படிச்சாச்சா? சரக்கு எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேளுங்க. சத்தமா கேளுங்க.

பகிருங்கள் தோழர்களே!

#தடைஅல்லதடம்தேவை
#உணவுப்பாதுகாப்புநம்உரிமை