அக்கா லேப்டாப்புக்கு ஒரு நாய்க்குட்டி

அக்கா காலேஜ் முடிச்சு, கல்யாணமாகிப் போகும்போது உங்க தலையில் கட்டிவிட்ட லேப்டாப். ரேம் ரெண்டே ஜி.பி. ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சாச்சு. விண்டோஸ் 11-ஓ குறைஞ்சது 4 ஜி.பி. கேட்கிறது. அப்ப காயலான் கடைதானா?

பொறுங்க பாஸ்! கொலிப்ரி ஓ.எஸ். என்று ஒன்று, 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில் டெஸ்க்டாப், எடிட்டர், கேம்ஸ் எல்லாம் அடக்கம். ரகசியம், பெரும்பகுதி அசெம்ப்ளி மொழியில் எழுதினது. ஆனா அதில் குரோம் ஓடாது. வேடிக்கை பார்க்கலாம், குடும்பம் நடத்த முடியாது.

நம்ம ஓட்டு பப்பி லினக்ஸுக்கு. ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-ல் ஆரம்பிச்சது. பென் டிரைவிலிருந்து கிளம்பி, மொத்த சிஸ்டமும் ரேமுக்குள் ஏறி உட்கார்ந்துக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க்கை எழுப்ப வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் விண்டோஸும் அப்படியே இருக்கும்.

ஒரே பேஜார், பிரவுசர். டேம் ஸ்மால் லினக்ஸ் ஒரு காலத்தில் 50 எம்.பி.யைத் தாண்ட மாட்டேன்னு அடம்பிடிச்சது. 2024-ல் திரும்பி வந்தப்ப ஒரு முழு சி.டி.யே வேணும், சுமார் 700 எம்.பி! இன்றைய பிரவுசர்களின் சைஸ் அப்படி. அதனால் பப்பி போட்டாலும் இருபது டேப் திறக்காதீங்க. ரெண்டு ஜி.பி. ரெண்டு ஜி.பி.தான். பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க, சி புரோகிராம் ஓட்டிப் பார்க்க, தாராளம்.