மார்க் வாங்கும் தமிழும் வாயில் வரும் தமிழும்

கல்கத்தா கார்டன் ரீச்சில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் நாக்கில் ஒரே நாளில் நாலைந்து மொழிகள் புரளுகின்றன. வீட்டில் தமிழ். தெருவில் வங்காளி. கடைத்தெருவில் இந்தியும் உருதுவும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். இந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியர் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் அவர் கையில் இருப்பது தமிழ்நாட்டில் அச்சான பாடப்புத்தகமும், "பிரித்து எழுதுக", "கோடிட்ட இடத்தை நிரப்புக" என்று கேட்கும் வினாத்தாளுந்தான். அந்தத் தாளில் எண்பது மார்க் வாங்கிய பிள்ளை, திருநெல்வேலியிலிருந்து பாட்டி போனில் கூப்பிட்டு, "பூஜைக்கு எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் நாலு வாக்கியம் தொடர்ந்து சொல்ல முடியாமல் போனை அம்மாவிடம் நீட்டுகிறது. அப்படியானால் அந்த எண்பது மார்க் எதற்குக் கொடுக்கப்பட்டது?

மனப்பாடத்துக்குத்தான் கொடுக்கப்பட்டது. மனப்பாடம் வேண்டாத பொருள் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டுகளை நெட்டுருப் போட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வந்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி மணி அடித்த பிறகும் பிள்ளையைச் சுற்றித் தமிழ் ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். வினாத்தாள் அளக்காததைத் தெரு கற்றுக்கொடுத்துவிடும். கார்டன் ரீச்சில் அந்தத் தெரு இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரமே கிடைக்கும் வகுப்பிலும் தமிழ் பேசி, கேட்டு, எழுதிப் புழங்க இடமில்லாவிட்டால் வேறெங்கும் இடமில்லை.

ஆகவேதான், பிள்ளைகளை ஒரு வேலையில் இறக்கி, அந்த வேலையின் வழியே மொழியைக் கற்பிப்பது, மூன்று மணி நேரத் தாளுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ அந்த வேலையையே மதிப்பிடுவது என்ற முறையை வெளிமாநிலத் தமிழாசிரியர்கள் துணிந்து செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. கல்வித்துறை இதைச் "செயல்திட்டம்" என்றும், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக அளப்பதை "வளரறி மதிப்பீடு" என்றும் சொல்லுகிறது. பெயர்கள் கரடுமுரடானவை. விஷயம் எளிது.

விஷயம் புதியதும் அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் இது பேசப்பட்டது. அதற்கு முன்பே, 1901-இல், வங்காளத்து மண்ணிலேயே ரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனில் சுவரில்லாத வகுப்பை நடத்தத் தொடங்கிவிட்டார். 1922-இல் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயரின் துணையுடன் ஸ்ரீநிகேதனில் கிராமத்து வேலைகளையும் படிப்பையும் இணைத்தார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியே பாடம் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. நாடு இவர்களையெல்லாம் கொண்டாடியது. பரீட்சையை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய சோதனை, கார்டன் ரீச் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளி, கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு மூலம். வகுப்பில் பெஞ்சு இல்லை. பாயில் குழுக் குழுவாக உட்கார்ந்தார்கள். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணியாகச் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படிக்குரிய அட்டையை எடுத்து, வேலையை முடித்து, அடுத்த படிக்குப் போக வேண்டும். மதிப்பிடுவதும் அந்த ஏணியிலேயே ஒரு படி. தேர்வு என்று தனியாக மணி அடித்துப் பயமுறுத்தவில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளை, திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறலாம். சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிவுபடுத்தப்பட்டது.

அதில் குறைகள் இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தால் மறு அட்டை வருவதில்லை, ஆசிரியருக்கு வேலைச் சுமை கூடிவிட்டது, பிள்ளைகள் விளையாடுகிறார்களே தவிரப் படிப்பதில்லை என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, நூறு மார்க்கில் 60 எழுத்துத் தேர்வுக்கும் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டது. 2022-இல் "எண்ணும் எழுத்தும்" என்ற வேறு திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பெயர் மாறினாலும், பாயில் உட்கார்ந்து வேலை செய்து கற்பது என்ற எண்ணம் முற்றிலும் கைவிடப்படவில்லை.

சிங்கப்பூரின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் பல வீடுகளில் பிள்ளைகளின் முதல் மொழி ஆங்கிலமாகிவிட்டது. 2010-இல் அமைந்த தாய்மொழி ஆய்வுக் குழுவுக்குப் பிறகு, வாழ்க்கையில் பயன்படும் பேச்சுக்கும் எழுத்துக்கும் கூடுதல் இடம் கொடுக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வில் ஒரு சிறு ஒளிப்படக் காட்சியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்லுகிறார்கள். 2019 முதல் தொடக்கப்பள்ளி முதல் இரண்டு வகுப்புகளில் மார்க் கணக்கிடும் தேர்வே கிடையாது. மார்க்குக்குப் பேர்போன ஊர் அது!

இது ஒருபுறமிருக்க, கார்டன் ரீச்சிலேயே கண்ணெதிரில் ஒரு பாடம் இருக்கிறது. 1856-இல் அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா ஆட்சியைப் பறிகொடுத்து வந்து தங்கியது அடுத்த பேட்டையான மெட்டியாபுருஜில்தான். 1887-இல் அங்கேயே இறந்தார். அவரோடு சமையற்காரர்களும் தையற்காரர்களும் இசைவாணர்களும் வந்தார்கள். அரசு போயிற்று, அரண்மனையும் போயிற்று. ஆனால் அந்தப் பேட்டையில் உருது இன்னும் கேட்கிறது. பள்ளிகளும் மசூதிகளும் அதற்கு உதவியிருக்கின்றன. ஆனால் தையல் அறையிலும் அடுப்படியிலும் கடையிலும் அந்த மொழியால் வேலை நடந்தது என்பதும் ஒரு முக்கிய காரணம். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழால் நடக்க வேண்டிய வேலை என்ன இருக்கிறது? அதை ஆசிரியர்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

உண்டாக்குவது கடினமல்ல. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம் கார்டன் ரீச்சில் இருக்கிறது. பக்கத்தில் கப்பல் கட்டும் தளம், கிதர்பூர் துறைமுகம். குடும்பத்தில் முதலில் வங்காளத்துக்கு வந்தவர் யார், எந்த ஆண்டு, எந்த வேலைக்கு, 1977-இல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்பா பின்பா, வழியில் என்ன சாப்பிட்டார்கள், வந்து இறங்கியபோது முதலில் கற்ற வங்காளிச் சொல் எது என்று ஒரு பிள்ளை பெரியவர்களைத் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, வகுப்பில் நின்று சொல்லட்டும். கேள்வி தயாரிப்பது ஒரு பாடம். பதிலைக் காதால் வாங்கிக் குறிப்பெடுப்பது ஒரு பாடம். பேச்சுத் தமிழில் கேட்டதை எழுத்துத் தமிழில் மாற்றுவது, இலக்கணப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைவிடப் பெரிய பாடம்.

இன்னும் எளியது வேண்டுமென்றால் அடுப்படிக்குப் போகலாம். வாழைப்பூவை வங்காளி வீட்டிலும் சமைக்கிறார்கள், மோச்சா என்கிறார்கள். தமிழ் வீட்டிலும் சமைக்கிறார்கள். பூவை ஆயும்போது உள்ளிருந்து பிடுங்கிப் போடும் வேகாத நரம்புக்குத் தமிழில் "கள்ளன்" என்று பெயர். எந்தப் பாடப்புத்தகமும் இந்தச் சொல்லைச் சொல்லித் தராது. அம்மாவிடம் கேட்டு, செய்முறையை வரிசையாக எழுதி, அதே பொருள்களின் வங்காளிப் பெயரைப் பக்கத்தில் குறித்து வரும் பிள்ளைக்குச் சொல்வளமும் வாக்கிய ஒழுங்கும் ஒருசேரக் கிடைக்கின்றன. அம்மாவும் ஆசிரியை ஆகிறார். செலவு ஒரு வாழைப்பூ.

மதிப்பிடுவது எப்படி என்பதுதான் சிக்கல். பெற்றோர் பயப்படுவது இங்கேதான், அந்தப் பயம் நியாயமானது. குமாஸ்தா வேலைக்கும் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கும் மார்க்தான் வாசற்கதவு என்பதைத் தம் வாழ்க்கையிலேயே கண்டவர்கள் அவர்கள். "மார்க் இல்லாத படிப்பு என்ன படிப்பு?" என்று ஒரு தொழிலாளி கேட்டால் அவரைக் கேலி செய்வதற்கில்லை. சி.பி.எஸ்.இ. 2009-இல் கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறையை 2017-இல் கைவிட்டதும், மேற்கு வங்கம் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டு 2004-இல் முதல் வகுப்புக்கே திரும்பக் கொண்டுவந்ததும், ஆயத்தமில்லாமல் செய்யும் மாற்றத்தின் செலவைப் பிள்ளைகளே சுமக்கிறார்கள் என்பதைக் காட்டியிருக்கின்றன.

செயல்திட்டம் என்ற பெயரில் நடக்கும் கூத்தும் ஊரறிந்தது. மேற்கு வங்க மேல்நிலைக் கல்வியில் 2013-இல் வந்த பாடத்திட்டம் மொழிப் பாடத்திலும் 20 மார்க்கைச் செயல்திட்டத்துக்கு ஒதுக்கியது. நல்ல நோக்கந்தான். ஆனால் இப்படிப்பட்ட வேலைகள் வீட்டுக்கு வந்ததும் தெர்மக்கோல் வாங்கி ஒட்டுவது அப்பாவின் வேலை, இணையத்திலிருந்து அச்செடுப்பது அண்ணனின் வேலை, அலங்கார எழுத்து எழுதுவது அடுத்த வீட்டு அக்காவின் வேலை என்றாகிவிடுகிறது. பிள்ளை சுமந்துகொண்டு போய் மேஜைமேல் வைக்கிறது, அவ்வளவுதான். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. இதற்கு மூன்று மணி நேரத் தாளே மேல்.

எனவே தமிழ் வகுப்பில் செயல்திட்டம் வகுப்புக்குள்ளேயே, பிள்ளையின் கையெழுத்தில் நடக்க வேண்டும். கேட்டு வருவது மட்டும் வெளியே. பிழையுள்ள முதல் படியைக் கிழித்துப் போடாமல், திருத்திய இரண்டாம் படியோடு சேர்த்து ஒரு கோப்பில் வைக்க வேண்டும். பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்று காட்டுவது அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ள தூரம். எழுதியதைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்ததா என்பது இரண்டாவது கேள்வியிலேயே வெளியாகிவிடும். நடந்ததை வரிசையாகச் சொன்னானா, பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் வந்ததா, வாக்கியம் முடியுமிடத்தில் எழுவாய்க்கேற்ற வினை வந்ததா என்று எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வை அடியோடு எடுத்துவிடச் சொல்வது பேதைமை. வங்காளத்தில் வளரும் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத்தான் காதில் விழும்; ரகர றகரமும் அப்படியே. இதற்குப் பழைய "சொல்வதை எழுதுதல்" போல மருந்து வேறில்லை. வாரம் பத்துச் சொற்கள் போதும். நூற்றில் பாதியைத் தாளுக்கும் பாதியை இப்படிப்பட்ட வேலைகளுக்கும் வைத்துப் பார்ப்பது நடுவழி.

ஆசிரியரின் நிலையையும் நினைக்க வேண்டும். கோப்பு வைப்பதும், ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் கேட்பதும் நேரம் தின்னும் வேலைகள். இருபது பிள்ளைகள் என்றால் வாய்மொழிக்கு மட்டுமே நூறு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை வந்து வகுப்பெடுப்பவருக்கு டிராம் காசு கூடத் தராமல், புது முறையை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையல்ல. தமிழர் அமைப்புகள் விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இங்கே திருப்பலாம். பொன்னாடை ஒன்று குறைந்தால் யாரும் வருந்தப் போவதில்லை. பாடப்பொருளுக்கு, 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அடிப்படை, இடை, மேல்நிலைச் சான்றிதழ்ப் பாடங்கள் இருக்கின்றன. அவை வெளியூர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை.

சட்டமும் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மேற்கு வங்க மாத்யமிக் தேர்வின் முதல் மொழிப் பட்டியலில் தமிழுக்கும் இடமுண்டு. அந்தத் தேர்விலேயே 90 மார்க் எழுத்துக்கும் 10 மார்க் பள்ளி அளிக்கும் மதிப்பீட்டுக்கும் பிரிக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் கேந்திரிய வித்யாலயங்களில், 15 மாணவர்களாவது விரும்பினால் தாய்மொழியைக் கற்பிக்கப் பகுதிநேர ஏற்பாடு செய்யலாம் என்று அவற்றின் விதித்தொகுப்பே சொல்லுகிறது. ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாகக் கூடிப் பதினைந்து கையெழுத்தைச் சேர்த்துக் கல்வியாண்டு தொடங்கும் முன்பே முதல்வரிடம் கொடுக்கட்டும். அந்த விண்ணப்பத்தைத் தமிழிலும் ஒரு படி எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். முதல் செயல்திட்டமாக அதுவே இருக்கட்டும்.