மின்சாரக் கார்களுக்கான வீட்டு மின்னேற்றம், பொது மின்னேற்ற நிலையங்கள் குறித்துக் கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கு அளிக்கப்படும் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில், மின்பகிர்மான வட்ட மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள், நாகர்கோவில் மாநகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: மின்னேற்றத்துக்குத் தனி மீட்டர், மும்முனை இணைப்பு, நெடுஞ்சாலைகளிலும் கன்னியாகுமரியிலும் பொது நிலையங்கள் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

மாவட்டத்தில் மின்சாரக் கார் வைத்திருப்போரும் வாங்க எண்ணியிருப்போரும் சேர்ந்து அமைத்துள்ள சங்கத்தின் சார்பில் இம்மனு பணிவுடன் அளிக்கப்படுகிறது. மின்சாரக் காருக்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி சாலையோர நிலையத்தில் அன்றி உரிமையாளரின் வீட்டிலேயே இரவு நேரத்தில் ஏறுகிறது என்பதால், வீட்டு இணைப்பைச் சீர்செய்யாமல் பொது நிலையங்களை மட்டும் பெருக்குவது போதாது என்பதே சங்கத்தின் உறுதியான கருத்து.

காரின் மின்கலத் தொகுப்பு தேக்கிவைக்கும் மின்சாரம் கிலோவாட் மணி என்ற அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோவாட் மணியும் மின்கட்டணக் கணக்கில் வரும் ஒரு யூனிட்டும் ஒன்றே. டாடா டியாகோ மின்சாரக் காரின் 24 யூனிட் மின்கலம் வீட்டின் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் நிறைய ஏறத்தாழ 9 மணி நேரமும், சுவரில் பொருத்தப்படும் 7.2 கிலோவாட் பெட்டியில் நிறைய ஏறத்தாழ 4 மணி நேரமும் ஆகின்றன. மாறுமின்சாரத்தைக் காருக்கு வெளியிலேயே நேர்மின்சாரமாக மாற்றிச் செலுத்தும் விரைவு மின்னேற்றி அதே மின்கலத்தை ஒரு மணி நேரத்துக்குள் 80 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறது. அதன் பின் மின்கலத்தின் நலன் கருதிக் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே அன்றாடத்துக்கு வீடும் தொலைவுப் பயணத்துக்கு விரைவு நிலையமும் என்ற பிரிவினை இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

இவ்விடத்தில்தான் கட்டணம் குறுக்கே நிற்கிறது. ஒரு யூனிட்டில் 6 முதல் 8 கிலோமீட்டர் வரை ஓடும் காரை மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, இரு மாதக் கணக்கில் 250 முதல் 330 யூனிட் வரை கூடுதலாகச் செலவாகிறது. ஏற்கெனவே 250 யூனிட் பயன்படுத்தும் நடுத்தரக் குடும்பம் இதனால் 500 யூனிட் என்ற எல்லையைத் தொடுகிறது அல்லது தாண்டிவிடுகிறது. தாண்டிய பின் மேல் அடுக்குகளின் விலை ஏறுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடுகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் உரிய சலுகையைக் காருக்காக ஒரு குடும்பம் இழப்பது முறையன்று. காருக்கு அச்சலுகை வேண்டும் என்றும் சங்கம் கேட்கவில்லை. பொது மின்னேற்ற நிலையங்களுக்குத் தனிக் கட்டண வகை இருப்பது போல, வீட்டு வளாகத்தில் காருக்கு மட்டுமான தனி மீட்டரும், மின்தேவை குறைந்த நேரங்களில் குறையும் நேரவாரிக் கட்டணமும் வேண்டும் என்றே கேட்கிறது. கட்டணம் வகுக்கும் அதிகாரம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உரியது என்பதைச் சங்கம் அறியும். எனினும் மாவட்டத்திலிருந்து பரிந்துரை சென்றால் அதற்குத் தனி எடை உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழுவீச்சில் சுழலும் மாவட்டம் இது என்பதால், அக்காற்றுக் காலத்தின் இரவு மின்சாரத்தை இங்கேயே கார்களில் தேக்குவதற்கு முதல் சோதனைக் களமாக இம்மாவட்டத்தையே தேர்வுசெய்யலாம்.

7.2 கிலோவாட் பெட்டி பொருத்துவோருக்கு ஒருமுனை இணைப்பிலிருந்து மும்முனை இணைப்புக்கு மாறுவதும், அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்துவதும் தேவைப்படுகின்றன. இவ்விண்ணப்பங்களுக்குக் காலவரையறை வகுத்து, பல வீடுகளில் கார் வந்துள்ள தெருக்களின் மின்மாற்றித் திறனை முன்கூட்டியே ஆராயுமாறு வேண்டப்படுகிறது. எர்த் எனப்படும் நில இணைப்பு சரியாக இல்லையெனில் மின்னேற்றி வேலை செய்ய மறுக்கும். கசிவு ஏற்பட்டால் உயிருக்கும் ஆபத்து. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் பாறை நிலத்திலும் கடற்கரையின் காய்ந்த மணலிலும் நல்ல எர்த் கிடைப்பது அரிது என்பதால், அதனைக் கருவி வைத்து அளந்து சான்று தரும் வசதி பிரிவு அலுவலகங்களில் இருத்தல் நலம். கோட்டாறு, வடசேரி போன்ற இடங்களின் குறுகிய தெருக்களில் கார் நிறுத்த இடமற்றோருக்கு, மாநகராட்சியின் வாகன நிறுத்தங்களில் இரவு நேர மின்னேற்ற முனைகள் அமைக்கப்பட வேண்டும்.

பொது நிலையங்களைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலையின் இரு புறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என ஒன்றிய மின்துறை 2022 இல் வழிகாட்டியிருந்தது. 2024 இல் அவ்விடைவெளி 20 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையையும், காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வரும் சாலையையும் இவ்வளவுகோலால் அளந்து, குறையுள்ள இடங்களின் பட்டியலை வெளியிடுமாறு சங்கம் கோருகிறது. எல்லைக்கு அப்பால் கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு மின்னேற்ற முனைகளைப் பொருத்தியிருப்பது இங்கும் பின்பற்றத் தக்கது. கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் குவியும் கன்னியாகுமரியில் ஒரே ஒரு மின்னேற்றி பழுதானாலும் வரிசை நீளும் என்பதால், ஒரே நிலையத்தில் இரண்டு, மூன்று முனைகள் இருக்க வேண்டும். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் துருவேறுவதால், கடற்கரை நிலையங்களுக்கு மாதந்தோறும் பராமரிப்பும், மழையையும் தூசியையும் தாங்கும் மூடுபெட்டியும் ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று தாக்கிய ஒக்கி புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. அத்தகைய வேளையில் மின்சாரக் காரை நம்பியிருக்கும் குடும்பம் நோயாளியை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியற்றுப் போகக்கூடாது. சூரியத் தகடும் சேமிப்பு மின்கலமும் கொண்ட நிலையம் வட்டத்துக்கு ஒன்றேனும் அமைவது பேரிடர் ஆயத்தத்தின் பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். மின்கலத்தில் பிடிக்கும் தீ அணைந்தது போலத் தோன்றி மீண்டும் எழக்கூடியது என்பதால், தீயணைப்பு நிலையங்களுக்கு இதற்கெனப் பயிற்சியும் தேவை.

இவற்றைப் பரிசீலிக்க மின்பகிர்மானம், மாநகராட்சி, நெடுஞ்சாலை, தீயணைப்புத் துறை அலுவலர்களோடு சங்கப் பிரதிநிதிகளையும் அழைத்து, கார்த்திகை முதல் நாளுக்கு முன்னரே மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கூட்டம் நடத்தப்பட வேண்டும் என்றும், அதன் முடிவுகள் எழுத்தில் சங்கத்துக்குத் தரப்பட வேண்டும் என்றும் பணிந்து வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்