‘எலும்பு தேஞ்சு போச்சு’ன்னா என்ன அர்த்தம்? இடுப்பு மூட்டை மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

"அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. எழுந்திரிக்க முடியல."

பெற்றோர் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ இருக்க, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் யாருக்கும் என்றாவது ஒரு நாள் வரக்கூடிய போன் இது. அடுத்த சில மணி நேரத்தில் ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே, "இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு, மூட்டை மாத்தணும்" என்ற டாக்டரின் பேச்சு, இன்சூரன்ஸ் கவுன்டரில் கையெழுத்து.

அந்தப் பதற்றத்தில் நாம் கேட்பது: செலவு எவ்வளவு? எந்த கம்பெனி இம்ப்ளான்ட்? எத்தனை வருஷம் தாங்கும்? எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால், அந்த உலோகத்தைத் தாங்கப்போகும் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பெரும்பாலும் நாம் கேட்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பும் பின்பும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அதுதான்.

ஒரே சொல், இரண்டு நோய்

கேட்காமல் போவதற்கு நம் பேச்சு வழக்கும் ஒரு காரணம். முட்டி வலித்தாலும் "எலும்பு தேஞ்சு போச்சு" என்கிறோம். லேசாக விழுந்து எலும்பு முறிந்தாலும் அதையே சொல்கிறோம். இரண்டும் வேறு.

மூட்டுத் தேய்மானம் என்பது இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு கரைவது. நடந்தால் வலிக்கும், மடக்கினால் வலிக்கும். அதனால் டாக்டரிடம் போகிறோம்.

ஆஸ்டியோபோரோசிஸ் என்பது எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து, அது பலவீனமாவது. இதற்கு வலியே கிடையாது. பல பேருக்கு முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது. அடர்த்தி கணிசமாகக் குறைந்த பிறகே தெரியும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முதல் பிரச்சினையைச் சரிசெய்யும். இரண்டாவதை அது தொடவே தொடாது.

உள்ளே என்ன நடக்கிறது?

தொடை எலும்பின் மேல் முனையில் இருக்கும் பந்து போன்ற பகுதியை எடுத்துவிட்டு, எலும்பின் நடுவே உள்ள குழாய் போன்ற பாதையில் உலோகத் தண்டு ஒன்றை இறக்குவார்கள். புதிய பந்து அதன் மேல் உட்காரும்.

தண்டை நிலைநிறுத்த இரண்டு வழிகள். ஒன்று, சொரசொரப்பான தண்டை எலும்புக்குள் இறுக்கமாகத் தட்டிப் பொருத்துவது. நாளடைவில் எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல எலும்பு உள்ள இளையவர்களுக்கு இது பெரும்பாலும் சரியான தேர்வு. இன்னொன்று, எலும்பு சிமென்ட் நிரப்பிப் பொருத்துவது. பெயர் சிமென்ட் என்றாலும் இது அக்ரிலிக் வகைப் பொருள். தண்டுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி, பாரத்தைச் சீராகப் பரப்பும்.

எலும்பு பலவீனமாக இருந்தால், தட்டி இறக்கும்போதே விரிசல் விழலாம். பிறகு ஒருமுறை விழுந்தால் தண்டைச் சுற்றியே எலும்பு முறியலாம். அப்படி முறிந்தால் அடுத்த ஆபரேஷன் முதலாவதை விடக் கடினம்.

பிரிட்டனில் இடுப்பு முறிந்த 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரிடம், பந்துப் பகுதியை மட்டும் மாற்றும் சிகிச்சையில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. தண்டைச் சுற்றி முறிவு ஏற்பட்டவர்கள் சிமென்ட் முறையில் 0.5 சதவீதம், சிமென்ட் இல்லாத முறையில் 2.1 சதவீதம். சிமென்ட் நிரப்பும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் குறையும் ஆபத்து உண்டு. இதயம், நுரையீரல் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனவே ‘சிமென்ட் பழசு, சிமென்ட் இல்லாததுதான் லேட்டஸ்ட்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

வெயில் ஊரில் வைட்டமின் டி குறைவா?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தினமும் கடக்கிறோம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் திறந்தவெளிக் காற்றும் வெளிச்சமும் ஓய்வும்தான் சானடோரியம் சிகிச்சை. இன்று அதே ஊரில் அபார்ட்மென்ட், ஏ.சி. பஸ், ஆபீஸ் என்று வெயில் படாமலே நாள் முடிந்துவிடுகிறது. வெயில் கொட்டும் தென்னிந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால்சியம் எலும்பில் சேர இந்த வைட்டமின் வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்கள், ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். 50 வயதுக்குப் பிறகு லேசான விழுகையிலேயே மணிக்கட்டு உடைந்திருந்தால், அது முன்னெச்சரிக்கை. "கட்டு போட்டாச்சு, சரியாப் போச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

டிஸ்சார்ஜ் நாளில் விடுபடுவது

என்னைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிகிறது என்றால், எலும்பு பலவீனம் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் தையல் பிரிக்கும் தேதி, பிசியோதெரபி, வலி மாத்திரை, ஒரு மாத கால்சியத்தோடு பலரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு பக்க இடுப்பு உலோகம். மறுபக்கம் அதே பழைய எலும்பு.

2007-ல் வெளியான ஆய்வில், இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆன 90 நாட்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் டிரிப் கொடுத்தவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதமும், மரணங்கள் 28 சதவீதமும் குறைந்தன. வாரம் ஒருமுறை போடும் மாத்திரைகளும் இருக்கின்றன. சிறுநீரகச் செயல்பாடு, வைட்டமின் டி அளவு பார்த்து டாக்டர்தான் எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பேச்சு நடக்கவாவது வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

தேய்மானத்துக்காகத் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால்: "முன்னாடியே டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமா?" இது எலும்பு அடர்த்தியை அளக்கும், வலியில்லாத ஸ்கேன். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ்.

முறிவுக்காக என்றால் ஸ்கேனுக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். சீக்கிரம் செய்வதே நல்லது. கேட்க வேண்டியது: "இவங்க எலும்புக்கு சிமென்ட் நல்லதா, இல்லாதது நல்லதா? ஏன்?"

டிஸ்சார்ஜ் அன்று: "எலும்பை பலப்படுத்த என்ன மருந்து? எப்போ ஆரம்பிக்கணும்?"

வீட்டில்: பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு, கண் பரிசோதனை. தலைசுற்ற வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

அரசும் செய்யலாம்

முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றுக்கு இடமிருப்பது பெரிய உதவி. ஆனால் அது உடைந்த பிறகு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, பிசியோதெரபியும் தருகிறது. அதே ஊழியர்கள் பெரியவர்களிடம் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கலாமே: "போன வருஷம் கீழே விழுந்தீங்களா? 50 வயசுக்கு அப்புறம் எலும்பு ஏதாவது முறிஞ்சுதா?" ஆம் என்பவர்களை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால், பல குடும்பங்களுக்கு அந்த போன் வராமலே போகலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது அந்த இரண்டு கேள்விகளையும் நீங்களே கேட்டுவிடுங்கள்.