வெளுத்த பவளத்துக்கு மருந்து உண்டா?

“கடல்நீர்த் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்கிறேன். உறவினர் ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்த பவளத்தையும் வைத்தேன். பத்தே நாளில் வெளுத்துவிட்டது. என்ன மருந்து விடலாம்?”
– வாசகர், கிளிஞ்சல்மேடு.

“மருந்து பலன் தராது. பவளம் கல் அல்ல, உயிரி. அதன் சதைக்குள் வாழும் நுண்பாசிதான் நிறத்தையும் பெரும்பகுதி உணவையும் கொடுக்கிறது. நீர் சூடானாலும், உப்பு குறைந்தாலும் பாசி வெளியேறிவிடும். பவளம் பட்டினியில் வெளுக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 2010, 2016-ம் ஆண்டுகளின் கோடையில் இப்படி வெளுத்தது. தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அரசலாற்று முகத்துவாரத்தில் எடுக்கும் நீரில் அந்த அளவு இருக்காது.

இதைவிட முக்கியமான விஷயம், கல் பவளம் 2001-ம் ஆண்டிலிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலியோடு இருக்கிறது. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. உடனே வனத்துறையிடம் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள். இன்னொன்று வாங்க வேண்டாம்.

கோமாளி மீனுக்குப் பவளம் அவசியமில்லை. உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாலே, அதில் ஒதுங்கி முட்டையும் இடும்.”