முழங்காலும் பாதமும்

ஜெபத்தைக் கோரிக்கைப் பட்டியலாகவும், கீழ்ப்படிதலைப் பிறருக்கான போதனையாகவும் வைத்திருந்த காலம் முடிந்தது. கொடுப்போர் மேற்கே, பெறுவோர் கிழக்கே என்ற பகுப்பும் அதனோடு முடிந்தது. இடிபாட்டின் மேல் நின்று புலம்ப நாங்கள் கூடவில்லை, கட்டக் கூடியிருக்கிறோம்.

ஜெபம் எங்கள் ஒப்படைப்பு. கீழ்ப்படிதல் அதன் உடல். அறுவடைக்கு ஆட்களை அனுப்பும்படி மன்றாடுகிறவர், அந்த ஆட்களில் தம்மையும் எண்ணிக்கொள்ளக் கடவர். பக்கத்து இருக்கைக்காரரைச் சுட்டிக்காட்டி அனுப்பச் சொல்லும் மன்றாட்டுக்கு எங்கள் கூடுகையில் ஆமென் கிடையாது.

வரலாறு எங்களோடு நிற்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில், அகதிகளாய் வந்து குடியேறிய மொரேவியர் 1727இல் இரவும் பகலும் மணிக்கு மணி முறைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி நூறாண்டு தாண்டியும் நீண்டது. தொடங்கிய ஐந்தாம் ஆண்டிலேயே, 1732இல், அவ்வூரிலிருந்து ஒரு குயவரும் ஒரு தச்சரும் கரீபியத் தீவொன்றில் அடிமைப்பட்டிருந்தோரை நாடிப் புறப்பட்டார்கள். நூறாண்டு ஜெபத்தை மேடைதோறும் புகழ்கிறவர்கள் இந்த ஐந்தாண்டுக் கணக்கை ஏனோ சொல்வதில்லை!

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் தாங்களே மிஷனெரி அனுப்பும் துணிவை 1902இல் கண்டு திரும்பினார் திருநெல்வேலிக்காரரான வே. சா. அசரியா. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் சொந்தம், காசும் சொந்தம், நிர்வாகமும் சொந்தம். நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போன திருநெல்வேலிக்காரர்கள் முதலில் தெலுங்குக்கு மாணவரானார்கள். 1910இல் எடின்பரோ மாநாட்டில், உழைப்பையும் பொருளையும் தாராளமாய்த் தந்த மேனாட்டாரிடம் அசரியா கேட்டது நட்பு. அந்தக் கேள்வி இன்று எங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. போகிற ஊரின் மக்கள் விரித்த பாயில் அமர்ந்து, அவர்கள் ஆக்கியதை உண்டு, அவர்கள் மொழியில் தப்பும் தவறுமாய்ப் பேசிச் சிரிப்புக்கு ஆளாகும் தாழ்மையே எங்கள் ஊழியத்தின் முதல் தகுதி.

பிறர் பசியைப் படம்பிடித்து வசூலாக்கும் வணிகத்தை மறுக்கிறோம். தலை எண்ணிப் பெருமை கொள்ளும் ஆணவத்தை மறுக்கிறோம். அயலாரின் வழிபாட்டை இழித்துரைக்கும் நாவுக்குச் சுவிசேஷத்தை ஒப்படைக்க மாட்டோம். தூரதேசத்துக்கு அன்பை அனுப்பிவிட்டு, உள்ளூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரைக் காத்து நிற்கும் பக்தியோடு எங்களுக்கு உறவில்லை. அந்தச் சுவர் விழும்வரை எங்கள் உபவாசத்தில் அதற்கும் ஒரு நாள் உண்டு.

எங்கள் பொருளாதாரம் என்னவென்று கேட்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் அடுக்களைகளில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. உலை கொதிக்கிறது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையிலுள்ள தகர டப்பாவில் போடுகிறார் ஓர் அம்மா. அள்ளும்போது உதடு மட்டும் அசைகிறது. வாரக் கடைசியில் அந்த டப்பா ஆலயத்துக்குப் போகும், அரிசி காசாகும், காசு பணித்தளம் சேரும். ஜெபமும் கீழ்ப்படிதலும் திருப்பணியும் அந்த ஒரு பிடிக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. பெருந்தொகைக் காணிக்கைகளை நாங்கள் வெறுக்கவில்லை (வெறுக்கும் வசதியும் இல்லை). ஆனால் எங்கள் கணக்கேட்டின் முதல் வரி பிடியரிசிக்கே.

ஒரு மக்களினத்துக்காக ஜெபிக்க முன்வருகிறவர், அவர்கள் மொழியில் நலம் விசாரிக்கவாவது கற்றுக்கொண்டு வர வேண்டும். இது எங்கள் முதல் விதி. இரண்டாவதை அந்தியோகியாவிலிருந்து எடுத்தோம். அங்கே ஐந்து போதகர்கள் உபவாசித்து ஜெபித்தபோது, அழைப்பு வந்தது பர்னபாவுக்கும் சவுலுக்கும். சபை தன் தூண்கள் இரண்டையும் கைவைத்து அனுப்பியது. எங்கள் பாடகர் குழுவின் முதல் குரலுக்கு அழைப்பு வந்தால் அனுப்புவோம். அந்த ஞாயிறு பாட்டு கொஞ்சம் சுருதி குறையட்டும்.