யானை எங்கே நிக்குது? ஓசூர் சேர்த்து வைக்கும் தகவலும், அது போய்ச் சேராத ஆட்களும்

'சானமாவு காட்டுல யானை இருக்கு, பார்த்துப் போங்க.' ராகி முற்றும் அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கத்து செல்போன்களில் இப்படிப்பட்ட தகவல்கள் சுற்ற ஆரம்பித்துவிடும்.

கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் தமிழ்நாட்டுக்குள் வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். சில கூட்டங்கள் ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையையே தாண்டிப் போகின்றன. முன்பு வழியில் வயல்தான் இருந்தது. இப்போது கெலமங்கலம், ராயக்கோட்டை பக்கம் வரை தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஷிப்ட் முடித்து ராத்திரி பைக்கில் திரும்புகிறவருக்கு 'யானை இருக்கு' என்பது மட்டும் போதாது. எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தது, எத்தனை யானை, எந்தப் பக்கம் நகருது என்ற நாலும் தெரிய வேண்டும்.

அந்த நாலும் ஒரே ஆளிடம் இருக்காது. காவல் பரணில் இருக்கும் விவசாயிக்குத் தன் நிலத்து ஓரம் தெரியும். மாடு மேய்ப்பவருக்குத் தடம் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலருக்குக் கூட்டத்தின் பழக்கம் தெரியும். சாலையைக் கடந்ததைப் பார்த்தவர் லாரி டிரைவராக இருப்பார். (யானையைத் தடவிப் பார்த்தவர்கள் கதை இங்கே நிஜமாகவே யானையைப் பற்றியது.)

இதை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டிய ஊர் வால்பாறை. அங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு, பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்பதை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆய்வு சொன்னது. அதனால் உள்ளூர் கேபிள் டிவியில் யானை இருக்கும் இடம் ஓடியது. பிறகு எஸ்எம்எஸ் வந்தது. அதன் பின் செல்போன் மூலம் எரியவைக்கக் கூடிய சிவப்பு விளக்குகள் முக்கியமான இடங்களில் நின்றன. இந்தப் பணிக்காக ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. அங்கே தொழில்நுட்பம் ரொம்பச் சாதாரணம். யானைகளை நேரில் தொடர்ந்து கவனிக்க ஆள் இருந்தது என்பதுதான் விஷயம்.

ஃபார்வர்டு செய்தியில் அந்த ஆள் இல்லை. போன வருஷ வீடியோவும் இன்றைய எச்சரிக்கையும் ஒரே மாதிரிதான் வந்து விழும். யானை வந்ததைச் சொல்ல நூறு பேர் உண்டு, போய்விட்டதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. மூணாவது நாள் உண்மையான எச்சரிக்கையையும் 'பழசா இருக்கும்' என்று தள்ளிவிடுவார்கள். நேரம் போடாத தகவலைக் குழுவில் விடக் கூடாது என்று ஒரு விதி வைத்தாலே பாதி குழப்பம் தீரும்.

சரிபார்க்காத வீடியோ எவ்வளவு தூரம் போகும் என்பதை 2023 மார்ச்சில் தமிழ்நாடு பார்த்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழர்கள் தாக்குவதாக வீடியோக்கள் பரவின. ஒன்று வடமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல் துறை விளக்க வேண்டி வந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழில் வந்த விளக்கத்தை இங்கே இருப்பவர்கள் சுலபமாகப் படித்துவிட்டார்கள். பயந்துபோனவர்களுக்கு அது இந்தியில் வேண்டியிருந்தது.

ஓசூரின் யானைத் தகவலுக்கும் இதே பிரச்சினை உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் இது. அதற்கு மேல், வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். ராகி விளையும் மாசம் எது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டில் நடந்து போகிறவர் அவர்தான். ஊர்க் குழுவில் அவரை யார் சேர்ப்பார்கள்?

வனத் துறையின் தகவல் கிராமத் தலைவருக்குப் போகிற மாதிரியே தொழிற்சாலையின் செக்யூரிட்டி அறைக்கும் போகலாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் ஒரு பலகை, இந்தியிலும் ஒடியாவிலும் ரெண்டு வரி, பக்கத்தில் பார்த்த நேரம். யானை போன பிறகு அதை அழிக்கவும் ஒரு ஆளை வைக்க வேண்டும்.